மாமனார் மாட்டிய ஹார்ட் டிஸ்க்

என் மாமனாருக்கு உட்காரத் தெரியாது. நாற்காலியில் உட்கார வைத்தால் அதன் கால் ஆடுகிறதா என்று பார்ப்பார். ஆடவில்லை என்றால் கொஞ்சம் ஏமாந்துபோவார். டிவி பார்க்கச் சொன்னால் டிவியின் முதுகைப் பார்ப்பார். சாப்பிடும்போதும் ஒரு முட்டி மேஜைக்கடியில் ஆடிக்கொண்டே இருக்கும். அவர் வந்த பிறகு எங்கள் வீட்டில் தண்ணீர்த் தம்ளரை யாரும் பாதிக்கு மேல் நிரப்புவதில்லை. அவருடைய ஒரே மகளான என் மனைவி சின்ன வயதிலேயே அவருக்குப் பம்பரம் என்று பெயர் வைத்துவிட்டாள். கொஞ்சும்போதும் அதே பெயர், திட்டும்போதும் அதே பெயர்.

ஆயுள் முழுக்க லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். எங்கோ ஒரு கட்டடத்தில் யாரோ இரண்டு மாடிக்கு நடுவில் மாட்டிக்கொள்வார்கள், இவருக்கு போன் வரும், பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடுவார். முப்பது வருஷத்துக்கு மேல் இப்படியே ஓடியிருக்கிறார். ஓய்வு பெற்றதும் போன் நின்றது, கால் நிற்கவில்லை. எங்கள் வீடு மூன்றாவது மாடி. கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. இருந்திருந்தால் அதைப் பிரித்து மாட்டியாவது பொழுதைப் போக்கியிருப்பார், நாங்களும் பிழைத்திருப்போம்.

மாமியார் போன பிறகு முதலில் மகன் வீட்டில் இருந்தார். அங்கே தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று கிளம்பினார். அப்புறம் தங்கை வீடு. அங்கே கொசு. அதன் பிறகுதான் எங்களிடம் வந்தார், ஒரு சாம்பல் நிற ரெக்சின் பையோடு. அந்தப் பையை அவர் காலி செய்யவே இல்லை. அதிலிருந்து சட்டையை எடுப்பார், போடுவார், துவைப்பார், காய்ந்ததும் மடித்து மறுபடி அதற்குள்ளேயே வைத்து ஜிப்பை இழுத்து மூடுவார். என் மனைவி அவருக்காக அலமாரியில் ஒரு தட்டைத் துடைத்து, பேப்பர் விரித்துக் கொடுத்தாள்.

"ரெண்டு சட்டைக்கு எதுக்கும்மா அலமாரி? இருக்கட்டும்" என்றார்.

தட்டு காலியாகவே கிடந்தது. பை அவருடைய அறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. இடையிடையே என்னிடம் மட்டும் மெதுவாகச் சொல்வார்: "பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ரூம் இருக்காம் மாப்பிள்ளை. சின்னது. ஒரு ஆளுக்குப் போதும்." இதை நான் மனைவியிடம் சொன்னதில்லை. சொல்லவும் தேவையில்லை. அவள் காலையில் எழுந்ததும் முகம் கழுவுவதற்கு முன்னால் அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு தடவை எட்டிப் பார்ப்பாள். பை இருக்கிறதா, இல்லையா. அப்பா எங்களோடு தங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அவளுக்கு அந்த வருஷம் வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை.

அவருடைய இன்னொரு பழக்கத்தையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். எதையும் சும்மா தூக்கிப் போடமாட்டார். தேய்ந்த செருப்பை எறிவதற்கு முன் வாரை அறுப்பார். பழைய இஸ்திரிப் பெட்டியின் ஒயரை அடியோடு வெட்டுவார். ஓட்டைக் குடையின் கம்பிகளை ஒவ்வொன்றாக மடக்கி ஒடிப்பார். அதற்குப் பெயர் கண்டம் பண்ணுவது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு லிஃப்டிலிருந்து கழற்றிய இரும்பு ரோப்பைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு வந்திருக்கிறார். யாரோ அதை எடுத்துப்போய் ஒரு குடோனில் சாமான் ஏற்றும் லிஃப்டில் மாட்ட, அது அறுந்து ஒரு ஆளுக்குக் கால் போய்விட்டது. யாரும் இவரைக் குற்றம் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து, கழற்றியதை வெட்டாமல் விட்டால் இவருக்குத் தூக்கம் வராது. ரோப்பு விஷயத்தில் இன்னொரு சட்டமும் வைத்திருந்தார். மாற்றினால் எல்லாவற்றையும் சேர்த்து மாற்ற வேண்டும். பழசும் புதுசும் பக்கத்தில் பக்கத்தில் தொங்கக்கூடாது. புதுசு நீளும், பழசு நீளாது, பாரம் ஒன்றின் தலையிலேயே விழும்.

இந்த இரண்டு சட்டங்களும் எங்கள் கம்ப்யூட்டர் வரைக்கும் வரும் என்று யார் கண்டார்கள்!

என் மனைவி கட்டடங்களுக்கு உள்வேலைப் படம் வரைபவள். எங்கே அலமாரி, எங்கே விளக்கு, எந்தக் கதவு எந்தப் பக்கம் திறக்கும் என்பதையெல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்து, கட்டி முடித்தால் எப்படி இருக்கும் என்று படமாகவும் காட்டுவாள். ஆபீஸ் வேலையை விட்டு வீட்டிலிருந்தே தன் பெயரில் தொடங்கியபின் கிடைத்த முதல் பெரிய வேலை, ஒரு பல் டாக்டரின் கிளினிக். அளந்து, வரைந்து, டாக்டர் சொன்ன மாற்றங்களையெல்லாம் போட்டு முடித்திருந்தாள். கடைசிப் படங்களை எடுக்க உட்கார்ந்தபோது கம்ப்யூட்டர் இடமில்லை என்று சொல்லிவிட்டது. கம்ப்யூட்டர் ஓடுவதற்கென்று போர்டிலேயே ஒரு சின்ன டிஸ்க் தனியாக உண்டு; அவள் வேலையெல்லாம் இருந்த பெரிய ஹார்ட் டிஸ்க் நிறைந்துபோயிருந்தது. கூட ஒரு டிஸ்க் வாங்கி வந்தாள்.

"கடைக்கார ஆளையே வரச் சொல்லேன், வந்து மாட்டிட்டுப் போவான்" என்றேன் சமையலறையில்.

"அப்பா மாட்டட்டும்."

"விளையாடுறியா? அதுல உன் வேலை முழுக்க இருக்கு."

"அதனாலதான் சொல்றேன்" என்றாள். "இந்த வீட்டுல அவர் இல்லாம நடக்காதுன்னு ஒரு வேலையாவது இருக்கட்டும். பையைப் பிரிக்க மாட்டேங்குறாரே, பாக்குறீங்கல்ல?"

பெண்டாட்டி சொல்வதில் நியாயம் இருக்கும்போது எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் வரும்.

மாமனாரிடம் சொன்னபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சட்டைக் கையை அப்போதே மடித்துவிட்டார்.

"அப்பா, நல்லாக் கேட்டுக்கோங்க" என்றாள் அவள், செருப்பை மாட்டிக்கொண்டே. டைல்ஸ் பார்க்க டாக்டரோடு போக வேண்டியிருந்தது. "இது மாத்துறது இல்ல. கூட ஒண்ணு சேக்குறது. பழசு பாட்டுக்கு இருக்கட்டும், புதுசு பக்கத்துல இருக்கட்டும்."

"சரிம்மா, சரிம்மா, நீ போ."

கை ஏற்கனவே ஸ்க்ரூடிரைவரில் இருந்தது. காது எங்கே இருந்தது என்று இப்போது யோசித்தால் தெரிகிறது.

வேலையை அவர் தொடங்கிய விதத்தைச் சொல்ல வேண்டும். முதலில் ஒரு அட்டையில் 'வேலை நடக்கிறது, தொடாதீர்கள்' என்று எழுதி மானிட்டரில் தொங்கவிட்டார். வீட்டில் இருந்தது நாங்கள் இரண்டு பேர்தான். அடுத்து பவர் ஒயரை இரண்டு பக்கமும் உருவித் தன் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டார்.

"மெயின் என் கழுத்துல இருக்குற வரைக்கும் எவனும் சுவிட்ச் போட முடியாது மாப்பிள்ளை. மேல நின்னு வேலை பாக்குறவனுக்கு இதான் உயிர்."

"இது மேஜைக்கடியில இருக்குற டப்பா மாமா."

"எல்லாம் ஒண்ணுதான்."

பக்கத்து மூடியைக் கழற்றினார். உள்ளே இத்தனை வருஷத் தூசி. பெயிண்ட் பிரஷால் தட்டினார், ஊதினார், தும்மினார், நடுவில் எழுந்து போய் ஜன்னலைத் திறந்தார், திரும்பி வந்தார், மறுபடி எழுந்து போய் அதைச் சாத்தினார். பழைய டிஸ்க் கீழே ஒரு கூண்டில் இருந்தது. அதற்கு மேல் காலியாக ஒரு இடம். புதுசை அதில் நுழைத்தார். பிடித்து நிற்க ஸ்க்ரூ இல்லை. தன் தகர டப்பாவைக் கொட்டி, தேடி, அளவுக்குச் சரியானதைக் கண்டுபிடித்து முறுக்கினார். பவர் இணைப்பு உள்ளேயே ஒன்று சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. டிஸ்க்கையும் போர்டையும் சேர்க்கும் ஒயர்தான் இல்லை. புது டிஸ்க்கின் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

"இவ்வளவு பெரிய சாமானை விக்கிறான், ஒரு ஒயரு வைக்க மாட்டானா? கயித்த விட்டுட்டுத் தொட்டிலை மட்டும் விக்கிற கதையா இருக்கே!"

நான் வாங்கி வருகிறேன் என்று எழுந்திருக்கும் முன்னால் அவர் படியில் இறங்கிக்கொண்டிருந்தார், கழுத்தில் பவர் ஒயரோடு. அப்படியே கடைக்குப் போயிருக்கிறார். அப்படியே திரும்பியும் வந்தார், மூச்சு வாங்க. ஒயரை மாட்டி, மூடியைப் போட்டு, கழுத்து ஒயரை ஒரு மரியாதையோடு கழற்றிச் செருகி, சுவிட்சைப் போட்டோம். கம்ப்யூட்டர் வந்தது. புது டிஸ்க் வரவில்லை.

மாமனார் அறைக்குள் நடக்கத் தொடங்கினார். ஜன்னலிலிருந்து கதவுக்கு, கதவிலிருந்து ஜன்னலுக்கு. "செத்த சாமானை வித்துட்டான் மாப்பிள்ளை." நான் போனில் தேடிப் பார்த்தேன். டிஸ்க்குக்கு ஒன்றுமில்லை. புதுசை முதலில் கம்ப்யூட்டருக்கு அறிமுகம் செய்து வைக்க வேண்டுமாம். அதற்கென்று திரைக்குள் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதைத் திறந்தால் எல்லா டிஸ்க்கும் பட்டை பட்டையாகத் தெரிகிறது. தவறான பட்டையில் கை வைத்தால் பழசில் இருப்பதெல்லாம் போய்விடும் என்று போட்டிருந்தது. மாமாவின் கையைப் பிடித்து ஓரமாக உட்கார வைத்துவிட்டு, காலியான பட்டையை மூன்று தடவை சரிபார்த்து, ஃபார்மட் செய்து, அதற்கு அடையாளமாக ஒரு ஆங்கில எழுத்தும் கொடுத்தேன். புது டிஸ்க் வந்து நின்றது. அவர் கை தட்டினார்.

வேலை அவ்வளவுதான். அங்கேயே நிறுத்தியிருந்தால் இந்தக் கதையே இல்லை. ஆனால் எனக்கு மருந்துக்கடையில் மதியம் டியூட்டி. "மூடியில ஸ்க்ரூவை மட்டும் முறுக்கிடுங்க மாமா" என்று சொல்லிவிட்டு நான் கிளம்பினேன். வேலை முடிந்துவிட்ட ஒரு மனிதரை, ஒரு ஸ்க்ரூடிரைவரோடு, தனியாக விட்டுவிட்டுக் கிளம்பினேன்.

அதன் பிறகு நடந்ததை அவர் வாயாலேயே பின்னால் கேட்டோம். பழசும் புதுசும் ஒரே கூண்டில் இருப்பது அவர் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. மகளுக்கு இதெல்லாம் தெரியாது, நாம் சரியாகச் செய்து வைப்போம் என்று நினைத்திருக்கிறார். புது டிஸ்க்கில் ஒரு ஃபோல்டர் திறந்து, லிஃப்டில் சீட்டு எழுதித் தொங்கவிடும் பழக்கத்தில், 'பழைய டிஸ்கிலிருந்து பத்திரமாக எடுத்து வைக்கப்பட்டவை அனைத்தும்' என்று முழுசாகப் பெயர் வைத்து, எல்லாவற்றையும் அதற்குள் காப்பி போட்டார். கம்ப்யூட்டர் ஒரு மணி நேரம் ஆகும் என்றது. பிறகு நான்கு மணி நேரம் என்றது. பிறகு இருபது நிமிஷம் என்றது. "லிஃப்டுல மாடி நம்பர் இப்படிப் பொய் காட்டுனா என் சீட்டைக் கிழிச்சிருப்பாங்க" என்று எங்களிடமே சொன்னார். பால்கனிக்குப் போனார், வந்தார். படியில் இறங்கினார், ஏறினார். ஒரு தடவை திரும்பி வந்தபோது திரையில் ஒரு கேள்வி நின்றது. பெயர் மிக நீளமாக இருக்கிறது, இவற்றைக் காப்பி செய்ய முடியாது, என்ன செய்யட்டும் என்று.

என் மனைவியும் அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். அவள் ஃபோல்டர்களின் பெயரும் ஆளை மூச்சு முட்ட வைக்கும். 'கிளினிக் டாக்டர் சொன்ன மாற்றங்கள் எல்லாம் போட்டது கடைசி' என்று ஒன்று. அதற்குள் 'நிஜமாகவே கடைசி' என்று இன்னொன்று. அதற்குள் 'இனிமேல் எந்த மாற்றமும் கிடையாது' என்று மற்றொன்று. பழைய டிஸ்க்கில் எப்படியோ இடித்துப் பிடித்து அடங்கியிருந்தது. அப்பா வைத்த பெயரும் முன்னால் சேர்ந்ததும் கம்ப்யூட்டர் கையை விரித்துவிட்டது. அவர் 'தவிர்' என்பதை அழுத்தினார். மறுபடி கேட்டது. எல்லாவற்றுக்கும் இதையே செய் என்று ஒரு கட்டத்தில் டிக் போட்டார்.

"பேருதானே நீளம்னு நெனச்சேன் மாப்பிள்ளை. சரக்கு வந்துடும்னு நெனச்சேன்."

காப்பி முடிந்தது. மானிட்டரில் மறுபடி அட்டையைத் தொங்கவிட்டார். ஒயரைக் கழுத்தில் போட்டார். பழைய டிஸ்க்கைக் கழற்றினார். அதற்குப் பிறகு பால்கனிக்கு எடுத்துப்போய், கழற்றிய எதையும் செய்வதைப் போல, அதையும் கண்டம் பண்ணினார்.

சாயங்காலம் நானும் மனைவியும் படியிலேயே சந்தித்து ஒன்றாக மேலே வந்தோம். மாமனார் குளித்து, தலை வாரி, வாசலிலேயே நின்றார். அறை பெருக்கிச் சுத்தமாக இருந்தது. அவள் சிரித்துக்கொண்டே உட்கார்ந்து கிளினிக்கைத் திறந்தாள். கடைசி. நிஜமாகவே கடைசி. இனிமேல் எந்த மாற்றமும் கிடையாது. அதற்குள் ஒன்றுமே இல்லை, வெறும் வெள்ளை.

திரும்ப வெளியே வந்தாள். மறுபடி உள்ளே போனாள். அவள் கழுத்து சிவக்க ஆரம்பித்ததை நான் பின்னாலிருந்து பார்த்தேன்.

"அப்பா, பழைய டிஸ்க்கு எங்க?"

அவர் பெருமையோடுதான் கொண்டுவந்தார். பிளாஸ்டிக் கவரில் போட்டு வாயைக் கட்டியிருந்தார். "கண்டம் பண்ணிட்டேன்மா. இனி எவனும் எடுத்து ஓட்ட முடியாது."

மூன்று துளைகள். மேல் மூடியில் புகுந்து அடிவரைக்கும். ஒரு துளை வழியாகத் தரையின் டைல்ஸ் தெரிந்தது.

அவள் டிஸ்க்கை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அளவெடுத்தது, வரைந்தது, டாக்டரோடு மல்லுக்கு நின்று மாற்றியது, எல்லாம் அந்தத் தகட்டில் இருந்தது. அடுத்த வாரம் தச்சர்கள் வேலையைத் தொடங்கப் போகிறார்கள். பிறகு தலையை நிமிர்த்தி, கத்தாமல், கத்தியிருந்தால் தேவலை, சாதாரணக் குரலில் கேட்டாள்:

"ஒரு நாள், ஒரே ஒரு நாள், உங்களால சும்மா இருக்க முடியாதாப்பா?"

மாமனார் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். நான் அவரைப் பார்த்தேன். முட்டி ஆடவில்லை. இத்தனை நாளாக அந்த முட்டி நிற்காதா என்று எத்தனை தடவை பல்லைக் கடித்திருக்கிறேன்! அது நின்றபோது எனக்குப் பயமாக இருந்தது.

கடைக்கார ஆளிடம் டிஸ்க்கைக் காட்டினேன். துளை வழியாக என்னைப் பார்த்தான். "டிரில்லிங் மிஷினா சார்?" என்றான். ஆமாம் என்றேன். திருப்பிக் கொடுத்துவிட்டான்.

மறுநாள் காலையில் நான் எழுந்து வந்தபோது பை கதவுக்குப் பின்னால் இல்லை. வாசலில் இருந்தது. பக்கத்தில் மாமனார், வெளியே போகும் சட்டையில், செருப்பைப் போடுவதும் கழற்றுவதுமாக நின்றார்.

"அந்த ரூம் இன்னும் காலியாத்தான் இருக்கு மாப்பிள்ளை. பாப்பா எழுந்திரிக்கிறதுக்குள்ள..."

"போறதுன்னா உங்க பொண்ணுகிட்டயே சொல்லிட்டுப் போங்க. நான் பதில் சொல்ல முடியாது" என்றேன் வெடுக்கென்று. கோபம் யார் மேல் என்று எனக்கே தெரியவில்லை. அவர் மேல்தான், அவர் அப்படிக் குரலை இறக்கிக்கொண்டு நின்றதன் மேல்தான்.

"எந்த முகத்தோட சொல்றது?"

உள்ளேயிருந்து அவள் வந்தாள். தலையை முடிந்திருந்தாள், கண் வீங்கியிருந்தது, கையில் அளக்கும் டேப்பு. பையைப் பார்க்கவே இல்லை. பார்க்காததிலேயே பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

"கிளம்பலாமாப்பா?"

"கிளம்பிட்டேன்மா."

"பையோட இல்ல. கிளினிக்குக்கு. எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். டேப்போட அந்த முனையைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்."

"மாப்பிள்ளை..."

"அவருக்குக் கடை இருக்கு."

அன்றைக்கு எனக்கு வார விடுமுறை. வாயைத் திறந்தேன். அவள் பார்த்த பார்வையில் மூடினேன். "ஆமா மாமா, கடை இருக்கு" என்றேன்.

மாமனார் பையைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், டேப்பைப் பார்த்தார். பிறகு பையை வாசலிலேயே விட்டுவிட்டு அவள் பின்னால் படி இறங்கினார். தனியாக வீட்டில் இருக்க எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அந்தப் பையைத் தூக்கி உள்ளே வைக்கலாமா, கூடாதா என்று மட்டும் எத்தனை தடவை யோசித்தேன்! கடைசியில் தொடாமல், மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளினிக்குக்குப் போனேன்.

பூச்சு வேலை மட்டும் முடிந்த வெறும் அறைகள். மாமனார் ஒரு மூலையில் குந்தி, டேப்பின் முனையைக் கட்டைவிரலால் சுவரோடு அழுத்திப் பிடித்திருந்தார். அந்தப் பக்கம் அவள்.

"அசையாதீங்கப்பா."

"அசையலம்மா."

"மூச்சு விடலாம்."

அவர் மூச்சு விட்டார். அவள் எண்ணை வாய்விட்டுச் சொல்லி எழுதினாள். அடுத்த சுவர். அடுத்த கதவு. ஜன்னலின் உயரம், தண்ணீர்க் குழாய் வரும் இடம், சுவிட்சுப் பெட்டிக்கும் தரைக்கும் நடுவில் எவ்வளவு. ஒவ்வொரு தடவையும் அவர் போய் நின்ற இடத்தில் அப்படியே நின்றார். வியர்வை மூக்கு நுனியில் தொங்கியது, துடைக்கவில்லை. என்னைப் பார்த்தார், கடை என்னாயிற்று என்று கேட்கவில்லை.

சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தபோது மனைவியிடம் தனியாகக் கேட்டேன். "கோபம் போயிடுச்சா?"

"போகல. எப்படிப் போகும்? இந்த வாரம் முழுக்க நான் செத்துச் சுண்ணாம்பாகணும்" என்றாள். "ஆனா நான் கேட்டது தப்பு. அவரால சும்மா இருக்க முடியாதுன்னு தெரிஞ்சே கேட்டேன். இப்போ மன்னிப்புக் கேட்டா, பரவாயில்லம்மான்னு சொல்லிட்டு அந்த நிமிஷமே பையைத் தூக்கிடுவார். வேலை கொடுத்தா இருப்பார்."

அந்த வாரம் அவள் வரைந்தாள். அவர் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்களைப் படித்துச் சொன்னார், டீ போட்டுக் கொடுத்தார், பென்சில் சீவினார், சீவிய பென்சிலையே மறுபடி சீவினார். முட்டி ஆடத் தொடங்கியிருந்தது. எனக்கு நிம்மதியாக இருந்தது. பை மட்டும் வாசலிலிருந்து உள்ளே வரவில்லை. யாரும் அதைப் பற்றிப் பேசவும் இல்லை. செருப்பைக் கழற்றும்போதெல்லாம் அது காலில் இடித்தது.

தச்சர்கள் வேலையைத் தொடங்கிய அன்று அவள் இன்னொரு டிஸ்க் வாங்கி வந்தாள். ஒயரும் சேர்த்தே வாங்கியிருந்தாள். அவள் நேராக அப்பாவிடம் போய் டப்பாவை நீட்டினாள்.

"இதையும் மாட்டணும்பா. கூட ஒண்ணு. இருக்குறதைத் தொடாம."

அவர் கையை நீட்டவில்லை. "கடைக்காரப் பையன வரச் சொல்லும்மா. என் கை வேண்டாம்."

"உங்க கைதான் வேணும்."

"பழசும் புதுசும் ஒண்ணா இருந்தா ஒத்துக்குமா?"

"ஒத்துக்கும். இது ஒரே பாரத்தைத் தூக்குற ரோப்பு இல்லப்பா. அது வேலையை அது பாக்கும், இது வேலையை இது பாக்கும். அதுல இருக்குற எல்லாத்துக்கும் ஒரு காப்பி இதுல கிடக்கும். ஒண்ணு போனா இன்னொண்ணு இருக்கும். அதுக்குத்தான் ரெண்டும்."

அவர் டப்பாவை வாங்கிக்கொண்டார். பிறகு அட்டையைத் தேடி எடுத்து மானிட்டரில் தொங்கவிட்டார். பவர் ஒயரைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். மாட்டி முடித்து, காப்பி ஓடத் தொடங்கியதும் ஸ்டூலை இழுத்துப் போட்டுத் திரைக்கு எதிரில் உட்கார்ந்தார். கம்ப்யூட்டர் வழக்கம்போலப் பொய் சொன்னது, ஒரு மணி நேரம், நான்கு மணி நேரம், இருபது நிமிஷம். அவர் எழுந்திருக்கவில்லை. நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கிக்கொண்டார். நடுவில் ஒரு கேள்வி வந்தது. "பாப்பா!" என்று அவர் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை செருப்பைப் போடப் போனேன். காலில் எதுவும் இடிக்கவில்லை.

வாசலில் பை இல்லை. அறைக் கதவுக்குப் பின்னால் ஓடிப் பார்த்தேன், அங்கேயும் இல்லை. கட்டில் மடித்த போர்வையோடு காலியாகக் கிடந்தது. மாமனாரையும் காணோம். சமையலறையில் அவள் ஏதோ பாடிக்கொண்டு வேலையாக இருந்தாள். அன்றைக்கு என்று பார்த்து அவள் கதவுக்குப் பின்னால் எட்டிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், கைக்குக் கிடைத்த குப்பைக் கூடையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடிப் பார்த்துவிடலாம் என்று எண்ணம். போயிருந்தால் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிட்டுக் கையைப் பிடித்து இழுத்து வரலாம் என்று எண்ணம்.

தெருமுனையில் மாமனார் பால் பாக்கெட்டோடு வந்துகொண்டிருந்தார், வழக்கம்போலக் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட வேகத்தில்.

"என்ன மாப்பிள்ளை, குப்பைக் கூடையோட ரோட்டுல நிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் படியேறிப் போய்விட்டார்.

நான் திரும்பிப் போய்க் கூடையைக் குப்பைத் தொட்டியில் கவிழ்க்கப் போனேன். தொட்டிக்குள் மேலாகக் கிடந்தது அந்தச் சாம்பல் நிறப் பை. இரண்டு காதும் அறுத்து, ஜிப்பைப் பிய்த்து, அடியில் நீளமாக ஒரு கிழி கிழித்து, இனி எவனும் எடுத்துத் தோளில் மாட்ட முடியாதபடி கண்டம் பண்ணியிருந்தார்.